நெட் வீக்ஸ் சொன்னது சரியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் தன்பாலீர்ப்பு ஆண்களிடையே எய்ட்ஸ் பரவத் தொடங்கிய நாள்களைச் சொல்லும் ‘தி நார்மல் ஹார்ட்’ படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அது முதலில் நாடகம் என்று தெரிந்ததும், உங்கள் நாடகக் குழு அதைத் தமிழில் போடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறது. அதில் வருவதெல்லாம் நடந்ததா, 1981-லேயே அந்தப் பெண் டாக்டர் ‘உடலுறவையே நிறுத்துங்கள்’ என்று சொல்வது மருத்துவப்படி சரியா, தெரியாமல் தப்பான தகவலை மேடையேற்றிவிடுவோமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் உங்களை உண்மையில் உறுத்துகிறது என்று நினைக்கிறேன்: நோயைப் பற்றி ஓயாமல் எச்சரிக்கும் கதைநாயகன் நெட் வீக்ஸ் சொன்னது சரியாக இருக்கும்போது அவனுடைய ஆட்களே அவனை ஏன் துரத்தினார்கள்?

நான் எச்.ஐ.வி. சிகிச்சையில் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் இருக்கிறேன். நாடகம் என் துறை இல்லை, நியூயார்க்கில் நான் வாழ்ந்ததும் இல்லை. ஆனால் அந்த முதல் நான்கைந்து ஆண்டுகளில் வந்த மருத்துவ அறிக்கைகளைத் தேதிவாரியாகப் படித்துத்தான் எங்கள் தலைமுறை இந்த நோயைக் கற்றுக்கொண்டது. அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு பார்த்தால் உங்கள் கேள்விகளில் பாதிக்குத் தெளிவான பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதி இன்னும் வாதத்தில் இருக்கிறது. எது எந்தப் பாதி என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

நாடகத்தை எழுதியவர் லாரி கிரேமர். 1985 ஏப்ரலில் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் முதலில் மேடையேறியது. நீங்கள் பார்த்தது 2014-ல் ரயன் மர்ஃபி இயக்கி எச்.பி.ஓ.வில் வந்த படம், திரைக்கதையும் கிரேமருடையதுதான். நெட் வீக்ஸ் என்பவன் ஏறக்குறைய கிரேமரேதான். 1981 ஆகஸ்டில் நடந்த கூட்டம் உண்மை: கிரேமர் தன் வீட்டுக்கு எண்பது பேர் அளவுக்கு ஆண்களைக் கூட்டி, ஃப்ரீட்மன்-கீன் என்ற தோல் மருத்துவரைப் பேசவைத்தார். அடுத்த ஜனவரியில் ஆறு பேர் சேர்ந்து, இந்த நோய் வந்தவர்களுக்கு உதவ ‘கே மென்ஸ் ஹெல்த் கிரைசிஸ்’ அமைப்பைத் தொடங்கினார்கள். படத்தில் வரும் தொலைபேசி உதவி எண்ணும் உண்மை. ராட்ஜர் மக்ஃபார்லன் என்பவர் தன் வீட்டுத் தொலைபேசியிலேயே அதை ஆரம்பித்தார். முதல் இரவே நூறு அழைப்புக்கு மேல் வந்தன. டாமி என்ற பாத்திரத்தில் அவருடைய சாயல் இருக்கிறது. அழகும் ராணுவப் பின்னணியும் கொண்ட புரூஸ் நைல்ஸ், அமைப்பின் முதல் தலைவரான பால் பாப்பம். அவர் வியட்நாம் போரில் இருந்தவர். 1987-ல் எய்ட்ஸால் இறந்தார்.

சக்கர நாற்காலியில் வரும் டாக்டர் எம்மா புரூக்னருக்கு மூலம் லிண்டா லாபன்ஸ்டைன். ஐந்து வயதில் போலியோ வந்தவர், நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் ரத்தநோய் மற்றும் புற்றுநோய் மருத்துவர். இந்த நோயை முதலில் கண்டு எழுதியவர்களில் ஒருவர். 1983-ல் எய்ட்ஸ் பற்றிய முதல் பெரிய மருத்துவ மாநாட்டை ஃப்ரீட்மன்-கீனோடு சேர்ந்து நடத்தினார். 1992-ல், 45 வயதில் இறந்துபோனார். எம்மா பாத்திரத்தில் நடிக்கப்போகும் பெண்ணிடம் இதைச் சொல்லுங்கள். அந்த நாற்காலி நாடகத்துக்காகச் சேர்த்த உத்தி இல்லை.

மாற்றியிருப்பதும் உண்டு. நாடகத்தில் நண்பர்கள் நெட்டை வெளியேற்றும் கடிதத்தை அவன் முகத்துக்கு நேரே வாசிக்கிறார்கள். 1983-ல் நடந்தது இன்னும் சிக்கலானது. மேயரைச் சந்திக்கும் குழுவில் தன்னைச் சேர்க்கவில்லை என்ற கோபத்தில் கிரேமர் ராஜினாமா செய்வதாகச் சொன்னார்; நிர்வாகக் குழு அதை ஏற்றுக்கொண்டது. பிறகு அவர் திரும்ப வர விரும்பியபோது கதவு திறக்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துரத்தப்பட்டவனுக்கும் கதவை அறைந்துவிட்டு வெளியே போய் வருந்தியவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் நாடகம் ஒருவருடைய காயத்திலிருந்து எழுதப்பட்டது, அந்த உரிமை அவருக்கு உண்டு.

சரி, மருத்துவக் கேள்விக்கு வருகிறேன். இதில்தான் தேதிகள் முக்கியம். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்திர அறிக்கையில், லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு நிமோசிஸ்டிஸ் என்ற அபூர்வமான நிமோனியா வந்ததாக ஒரு சிறு குறிப்பு வந்தது. ஐவரும் தன்பாலீர்ப்பு ஆண்கள். அப்போதே இருவர் இறந்திருந்தார்கள். ஜூலை 3-ல் நியூயார்க் டைம்ஸ், 41 பேருக்கு அபூர்வப் புற்றுநோய் என்று உள்பக்கத்தில் எழுதியது. கபோசி சர்கோமா என்று பெயர். தோலில் ஊதா நிறத்தில் தடிப்பு வரும், அழுத்தினாலும் நிறம் போகாது. நெட்டின் காதலன் ஃபீலிக்ஸின் உள்ளங்காலில் வருவது அதுதான். எம்மா ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லத் தொடங்கும் நாள்களில் உலகத்தில் யார் கையிலும் இருந்த தகவல் இவ்வளவே. வைரஸ் என்று யாருக்கும் தெரியாது. பரிசோதனை கிடையாது. எய்ட்ஸ் என்ற பெயர்கூட 1982 செப்டம்பரில்தான் வந்தது.

அப்போது வேறு ஊகங்களும் இருந்தன. நடன விடுதிகளில் மோந்த ‘பாப்பர்ஸ்’ என்ற ரசாயனம் காரணமா? திரும்பத் திரும்ப வந்த பால்வினை நோய்களால் எதிர்ப்புச் சக்தி ஓய்ந்துபோய்விட்டதா? ஏற்கெனவே தெரிந்த சைட்டோமெகலோ வைரஸின் புது அவதாரமா? நல்ல மருத்துவர்களே இவற்றை நம்பினார்கள். பிறகு ஒவ்வொரு துண்டாக வந்து சேர்ந்தது. 1981 டிசம்பருக்குள் ஊசி வழியே போதை மருந்து எடுத்துக்கொள்பவர்களிடமும் இதே நிமோனியா தென்பட்டது. 1982 ஜூனில், தெற்கு கலிஃபோர்னியாவின் நோயாளிகள் பலர் ஒருவரோடு ஒருவர் உறவு கொண்டவர்கள் என்று தெரிந்தது. ஜூலையில், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா உள்ள மூவர். டிசம்பரில் ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு குழந்தை. 1983 ஜனவரியில் நோயாளிகளின் பெண் துணைகள். இதற்குமேல் சந்தேகப்படுவது கஷ்டம்: உடலுறவு, ரத்தம் இரண்டாலும் பரவுகிற ஒரு கிருமி. 1983 மே மாதம் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பாரே-சினூசியும் மோன்டானியேயும் அந்த வைரஸைக் கண்டதாக எழுதினார்கள். 1984-ல் அமெரிக்காவிலும் உறுதியானது. ரத்தப் பரிசோதனை 1985 மார்ச்சில் வந்தது.

ஆகவே என் பதில் இப்படி இருக்கும். எம்மா 1981-ல் சொன்னது நிரூபணம் இல்லாத ஊகம், 1982 டிசம்பருக்குள் அதற்குப் போதுமான ஆதாரம் வந்துவிட்டது. எங்கள் தொழிலில் இது தினமும் நடப்பது. காரணம் தெரியும் முன்னாலேயே வாய் திறக்க வேண்டியிருக்கும். சொன்னது தப்பானால் ஆயிரம் பேரைக் காரணமில்லாமல் பயமுறுத்தியவர் ஆகிறோம், சொல்லாமல் விட்டால் அதைவிட மோசம். அவர் சொன்ன திசை சரி. அளவு சரியா என்பது வேறு விஷயம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றை யாருமே அப்போது அறிந்திருக்கவில்லை. இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனது கனத்துவிடும். சிகிச்சை இல்லாவிட்டால் தொற்றுக்கும் எய்ட்ஸுக்கும் நடுவே சராசரியாகப் பத்து ஆண்டு இடைவெளி உண்டு. 1981-ல் சுருண்டு விழுந்தவர்களுக்கு எழுபதுகளிலேயே தொற்று வந்திருந்தது. வேறொரு ஆராய்ச்சிக்காக, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி வேலைக்காக, எழுபதுகளின் கடைசியில் எடுத்துப் பாதுகாத்த ரத்த மாதிரிகளைப் பிற்பாடு சோதித்தபோது, முதல் அறிக்கை வருவதற்கு முன்பே நியூயார்க்கிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் ஏராளமானோருக்கு வைரஸ் பரவியிருந்தது தெரிந்தது. நெட் தன் நண்பர்களிடம் ‘41 பேர்’ என்று கத்தும்போது அறையில் இருந்த எத்தனையோ பேருக்கு ஏற்கெனவே தொற்று இருந்தது. கிரேமருக்கும் தொற்று இருப்பது 1988-ல்தான் அவருக்கே தெரியவந்தது. அன்றைக்கே எல்லோரும் அவர் பேச்சைக் கேட்டிருந்தாலும் அடுத்த பத்து ஆண்டு மரணங்களை நிறுத்தியிருக்க முடியாது. பிறகு வந்த புதுத் தொற்றுகளில் ஒரு பங்கை நிச்சயம் நிறுத்தியிருக்கலாம். அந்தப் பங்குக்கு எண் போட்டுச் சொல்பவர்கள் கணக்கு மாதிரியை வைத்துச் சொல்கிறார்கள், எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்படியென்றால் ஏன் கேட்கவில்லை? நாடகத்தைப் படிக்கும்போது நண்பர்களைக் கோழைகளாகப் பார்த்துவிடாதீர்கள். கிரேமரே அப்படி எழுதவில்லை. 1969-ல் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீசை எதிர்த்து நின்றதிலிருந்து எண்ணினால் வெறும் பன்னிரண்டு ஆண்டு. 1973 டிசம்பர் வரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் பட்டியலில் தன்பாலீர்ப்பு ஒரு நோய். நியூயார்க் மாநிலத்தில் அதைக் குற்றமாக்கிய சட்டம் விழுந்தது 1980-ல். வேலையிலோ வீட்டு வாடகையிலோ ஒதுக்கக் கூடாது என்ற நகரச் சட்டம் 1986-ல்தான் வந்தது. நாடகத்தில் ஒரு உறை பற்றிச் சண்டை வரும், கவனித்தீர்களா? அழைப்பிதழ் அனுப்பும் உறையின் மேல், அனுப்புநர் முகவரியில் ‘கே’ என்ற சொல் இருக்கலாமா கூடாதா என்று. நெட்டுக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. புரூஸுக்கு அது தபால்காரன், காவலாளி, பக்கத்து வீட்டுக்காரன், கடைசியில் மேலதிகாரி வரை போகிற வார்த்தை. பாப்பம் உண்மையிலேயே இதற்காகக் கவலைப்பட்டார். மருந்துக் கவரில் எங்கள் சென்டரின் பெயர் இல்லாமல் கொடுங்கள் டாக்டர் என்று என்னிடம் கேட்காத நோயாளி குறைவு. அந்த உறைக் காட்சியை நான் சிரிக்காமல்தான் பார்த்தேன்.

அதோடு, பயமுறுத்தியவர் யார் என்பதும் இருந்தது. கிரேமர் 1978-ல் எழுதிய ஒரு நாவல், தன் சமூகத்தின் விடுதி வாழ்க்கையைக் கடுமையாகத் தாக்கியது. பலர் அவரோடு பேச்சையே விட்டிருந்தார்கள். மூன்று வருடம் கழித்து அதே மனிதர் வந்து ‘நிறுத்துங்கள், செத்துப்போவீர்கள்’ என்றால், நோயைச் சாக்காக வைத்துப் பழைய உபதேசத்தைத் திரும்பச் சொல்கிறார் என்றுதான் கேட்பவர்களுக்குப் படும். அமைப்பில் நெட்டோடு இருக்கும் மிக்கி உடைந்துபோய்ப் பேசும் காட்சியில் இது முழுதாக வருகிறது. நேசிக்கும் சுதந்திரத்துக்காகப் போராடிக் கிடைத்த கொஞ்சத்தையும் இப்போது நாமே தப்பு என்று சொல்ல வேண்டுமா என்று கேட்பான். தன்னோடு சண்டை போட்டவர்களுக்கு நாடகத்தின் மிக நல்ல வசனங்களைக் கொடுத்திருக்கிறார் ஆசிரியர். அதனால்தான் நான் இந்த நாடகத்தை நம்புகிறேன்.

இப்போது அளவு பற்றி. 1983 மார்ச்சில் கிரேமர் ‘நியூயார்க் நேட்டிவ்’ என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். 1,112 நோயாளிகள், 418 மரணங்கள் என்று எண்களை அடுக்கி, இதைப் படித்தும் உங்களுக்குக் கோபமும் பயமும் வரவில்லை என்றால் நமக்கு எதிர்காலமே இல்லை என்றார். அது பலரை எழுப்பியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எழுந்தவன் ராத்திரி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவரிடம் இருந்த பதில், விலகி இரு என்பது மட்டுமே. இரண்டு மாதம் கழித்து, மே மாதம், மைக்கேல் காலன், ரிச்சர்ட் பெர்கோவிட்ஸ் என்ற இரண்டு நோயாளிகள், ஜோசஃப் சோனாபெண்ட் என்ற மருத்துவரின் துணையோடு ஒரு சிறு புத்தகம் போட்டார்கள். கொள்ளைநோய்க்கு நடுவில் எப்படி உறவு கொள்வது என்பதுதான் பொருள். உடல்நீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள், ஆணுறை போடு, அன்பை விட்டுவிடாதே என்று சாதாரண மொழியில், எதில் ஆபத்து அதிகம், எதில் குறைவு என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள்.

விசேஷம் என்னவென்றால் நோயின் காரணம் பற்றி அவர்கள் நினைத்தது தப்பு. ஒரே கிருமி என்பதை அவர்கள் ஏற்கவில்லை. பல தொற்றுகள் சேர்ந்து உடலை வீழ்த்துகின்றன என்று நம்பினார்கள். காரணம் தப்பு, வழி சரி. இன்று நான் என் கவுன்சலருக்குச் சொல்லிக்கொடுப்பது ஏறக்குறைய அதே வழிதான். ‘நிறுத்து’ என்ற அறிவுரையை ஒரு மாதம் பின்பற்றுகிறவர்கள் உண்டு, ஒரு வருடம் பின்பற்றுகிறவர்கள் அபூர்வம். இது தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு மட்டுமான பலவீனம் இல்லை. கல்யாணமான ஆண்களிடமும் பெண்களிடமும் இதைத்தான் பார்த்திருக்கிறேன். செய்யக்கூடிய ஒன்றைச் சொன்னால் செய்கிறார்கள். மன்ஹாட்டனில் அந்த ஆண்டுகளில் ஆண்களிடையே ஆசனவாய் கொனோரியா என்ற பால்வினை நோய் வெகுவாகக் குறைந்தது பதிவாகியிருக்கிறது. மக்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. அதில் கிரேமரின் சத்தத்துக்கு எவ்வளவு பங்கு, சிறு புத்தகத்துக்கு எவ்வளவு, நண்பர்களின் சவ அடக்கங்களுக்குப் போய்வந்ததற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நெட் எச்சரித்தது சரி. பிழைக்கும் வழியைச் சொன்னவர்கள் வேறு ஆட்கள். நாடகத்தில் அவர்கள் இல்லை. இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பிய முக்கியமான விஷயம்.

அரசாங்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரீகன் அரசு பற்றிய பகுதியில் மிகை எதுவும் இல்லை. 1982 அக்டோபரில் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் கூட்டத்தில் ஒருவர் இந்த நோயைப் பற்றிக் கேட்டபோது அறையில் சிரிப்பு எழுந்ததும், அதிகாரி அதைக் கேலியாகத் தள்ளியதும் பதிவில் இருக்கிறது. ரீகன் பொதுவில் அந்த நோயைப் பற்றி வாய் திறந்தது 1985 செப்டம்பரில், அதுவும் நிருபர் கேட்டதால். அதற்காகவே ஒரு முழு உரை ஆற்றியது 1987 மே மாதம். நியூயார்க் மேயர் எட் கோச் மெத்தனமாக இருந்தார் என்பதும் பெரும்பாலும் ஏற்கப்பட்ட விஷயம். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1983 ஜூலையிலேயே எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்று தனி வார்டு திறந்துவிட்டார்கள் என்பதோடு ஒப்பிட்டால் புரியும். ஆனால் அவர் ஏன் மௌனமாக இருந்தார் என்பதற்கு நாடகம் தரும் காரணம், அவரும் தன் ஈர்ப்பை மறைத்து வாழ்ந்தவர், அது வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தார் என்பது. அவர் அப்படி வாழ்ந்தார் என்று 2022-ல், அவர் இறந்து ஒன்பது ஆண்டு கழித்து, நெருங்கியவர்கள் நியூயார்க் டைம்ஸிடம் சொன்னார்கள். மௌனத்துக்கு அது மட்டுமே காரணம் என்பது கிரேமரின் முடிவு. எழுபதுகளில் திவாலாகும் நிலைக்குப் போய்த் திரும்பிய நகரம் அது. பணத்தைப் பற்றிய பயமும் அந்த நிர்வாகத்துக்கு இருந்தது.

விட்டுப்போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே நியூயார்க்கில் ஊசிபோட்டுக்கொண்டவர்கள், அவர்களுடைய மனைவிகள், குழந்தைகள், கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழி பேசுபவர்கள் ஏராளமாக இறந்துகொண்டிருந்தார்கள். நாடகத்தில் அவர்கள் ஏறக்குறைய இல்லை. நோயாளிகளைத் தேடி வந்து சேவை செய்த லெஸ்பியன் பெண்களும் இல்லை. இது ஒரு நண்பர் கூட்டத்தின் கதை, ஒரு கொள்ளைநோயின் முழு வரலாறு இல்லை. உங்கள் பார்வையாளர்களில் பலர் இதை முழு வரலாறாக எடுத்துக்கொள்ளக்கூடும், அதனால் சொல்கிறேன்.

புரூஸ் தன் காதலன் ஆல்பர்ட்டின் மரணத்தைச் சொல்லும் இடம் உங்களை அதிகம் உலுக்கியதாக எழுதியிருந்தீர்கள்: மருத்துவமனை சான்றிதழ் தர மறுத்து, உடலைக் குப்பைப் பையில் போட்டு வெளியே வைத்துவிடுவது. ‘இதுவுமா உண்மை?’ என்றீர்கள். அந்த ஒரு சம்பவம் யாருக்கு நடந்தது என்று நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் உடலைத் தொட மறுத்த ஈமச்சடங்கு நிலையங்களும், அறை வாசலிலேயே சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போன ஊழியர்களும் அந்த ஊரில் இருந்தது ஐயமில்லாத உண்மை. சோனாபெண்ட் எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்க்கிறார் என்று 1983-ல் அவருடைய கிளினிக்கையே கட்டடத்திலிருந்து காலிசெய்யச் சொன்னார்கள். வழக்குப் போட்டுத்தான் தங்க முடிந்தது.

எனக்கு அந்தத் தட்டு தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில், நான் பயிற்சியில் இருந்த ஒரு மருத்துவமனையின் கடைசி அறையில் முப்பது வயது தையல்காரர் ஒருவர் இருந்தார். கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருக்கும். வார்டில் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். மதியம் சாப்பாடு வந்தால் தட்டைத் தரையில் வைத்துக் காலால் உள்ளே தள்ளுவார்கள். கூடவே ஒருவர் இருந்தார். பதிவேட்டில் ‘நண்பர்’ என்று எழுதியிருந்தது. அவர் தினமும் அந்தத் தட்டை எடுத்து, அடிப்பக்கத்தைத் தன் துண்டால் துடைத்து, தயிர்சாதத்தைப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டுவார். வாயெல்லாம் வெள்ளைப் பூஞ்சை, விழுங்க முடியாது. ஒரு உருண்டைக்கு ஐந்து நிமிஷம் ஆகும். அவர் அவசரப்படவே மாட்டார். தையல்காரர் இறந்த அன்று உடலை வாங்கக் கையெழுத்துப் போட நண்பருக்கு உரிமை இல்லை என்றார்கள். எட்டு வருஷமாகப் பேசாத அண்ணனுக்குச் சொல்லி அனுப்பி, அவர் ஊரிலிருந்து வந்துசேர மாலை ஆகிவிட்டது. கையெழுத்துப் போடும்போது அண்ணன் என்னிடம் கேட்டது, “தொடலாமா சார்?” என்றுதான். தொடலாம் என்று சொல்லி நான் முதலில் தொட்டுக்காட்டினேன். அன்றைக்குக் காலையிலேயே, தட்டைத் தள்ளுபவர்கள் முன்னால், அதைச் செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

அதனால் ஃபீலிக்ஸின் படுக்கையருகே எம்மா நடத்திவைக்கும் திருமணத்தை மிகையான உருக்கம் என்று வெட்டிவிடாதீர்கள். அது சட்டப்படி செல்லாத கல்யாணம், அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். நியூயார்க்கில் தன்பாலினத் திருமணம் சட்டமானது 2011 ஜூனில். அப்போது இதே நாடகம் பிராட்வேயில் ஓடிக்கொண்டிருந்தது. 2013-ல் கிரேமர் தன் நீண்ட காலத் துணைவரை மணந்துகொண்டார், அதுவும் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், நோயாளியாகப் படுத்திருந்தபடி. தான் எழுதிய காட்சிக்குள்ளேயே இருபத்தெட்டு ஆண்டு கழித்து அவர் போய்ச் சேர்ந்தார், ஆனால் பிழைத்துக்கொண்டார். 2020 மே மாதம், 84 வயதில்தான் காலமானார்.

நெட்டின் கத்தல் வீணா என்று கேட்டால், இல்லை. 1987 மார்ச்சில் கிரேமர் ஆற்றிய ஒரு உரைக்குப் பின் ‘ஆக்ட் அப்’ என்ற போராட்ட அமைப்பு உருவானது. இந்த முறை கோபத்தோடு கோரிக்கையும் இருந்தது: எந்த மருந்து, எந்தச் சோதனை, யாருக்கு அனுமதி, எத்தனை நாளில். நோயாளிகளே மருந்து ஆராய்ச்சியைப் படித்து, அதிகாரிகளின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேசினார்கள். மருந்து அனுமதி முறை மாறியதில் அவர்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. 1996-ல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து மரணங்கள் சரிந்தன. நம் நாட்டில் ஏ.ஆர்.டி. என்று சொல்லும் இந்த மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் இலவசமாகத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை முதல் எட்டு மையங்களில் ஒன்று. அந்தத் தையல்காரர் இன்னும் ஐந்தாறு ஆண்டு தாக்குப்பிடித்திருந்தால் மாத்திரை அவருக்கும் கிடைத்திருக்கும்.

இனி மேடைக்கு. போடுங்கள், ஆனால் உரிமையை முறையாக வாங்கிவிட்டுப் போடுங்கள். 1985 மேடையின் சுவரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: வெள்ளையடித்த சுவரில் பெயர்களையும் எண்களையும் எழுதியிருந்தார்கள். விஷம் கலந்த டைலனால் என்ற வலி மாத்திரையால் ஏழு பேர் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் மூன்று மாதத்தில் 54 முறை எழுதியது, எய்ட்ஸ் பற்றி முதல் 19 மாதங்களில் 7 முறை எழுதியது என்பதும் அந்தச் சுவரில் இருந்தது. நடுவில் நாட்டின் மொத்த நோயாளிகள் எண்ணிக்கை; அரசு புது எண்ணை வெளியிடும்போதெல்லாம் பழையதை அடித்துவிட்டுக் கீழே புதியதை எழுதினார்கள். வசனத்தில் மருத்துவத் திருத்தம் எதுவும் செய்ய வேண்டாம்; 1981-ல் தெரியாதது 1981-ல் தெரியாததாகவே இருக்கட்டும்.

தப்பான தகவல் போய்விடுமோ என்ற உங்கள் பயத்துக்கு வேறொரு வழி இருக்கிறது. 2011-ல் பிராட்வே காட்சிகள் முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது, எழுபத்தைந்து வயது கிரேமர் வாசலில் நின்று, இவை எல்லாம் உண்மையில் நடந்தவை என்று தொடங்கும் ஒரு தாளைத் தன் கையால் கொடுத்துக்கொண்டிருந்தார். நீங்களும் வாசலில் ஒரு தாள் கொடுங்கள். தொடுவதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ எச்.ஐ.வி. வராது. தினமும் மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், உடலுறவின் மூலம் அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இது பல நாடுகளில் ஆயிரக்கணக்கான ஜோடிகளைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்து உறுதியானது. தொற்று வராமல் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மாத்திரையும் இப்போது உண்டு. பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மையங்களில் இலவசம், கேட்க வேண்டியதைக் கேட்க 1097 என்ற எய்ட்ஸ் உதவித் தொலைபேசி எண் இருக்கிறது. இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். எழுதி அனுப்பினால் சரிபார்த்துத் தருகிறேன்.